கைரேகை விழாத ஓய்வூதியர்களுக்காக

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் திருச்சி பொன்மலையில் வசிக்கும் 74 வயதுக் குடும்ப ஓய்வூதியர். ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற என் கணவர் காலமான பிறகு, குடும்ப ஓய்வூதியம் என் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் வருகிறது. அது தொடர வேண்டுமானால் ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் நான் உயிரோடிருப்பதற்கான சான்றிதழைக் கொடுத்தாக வேண்டும். இந்த விதியில் எனக்கு மனக்குறை கிடையாது. இறந்தவர் கணக்குக்கு அரசுப் பணம் போய்க்கொண்டிருக்கக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் அந்தச் சான்றிதழைக் கொடுப்பதற்குள் கைரேகை தேய்ந்துபோன முதியவர்கள் படும் பாட்டைப் பலரும் அறிந்திருக்கவில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு நவம்பர் முதல் வாரத்திலேயே வங்கிக்குப் போனேன். கைரேகையை ஆதார் பதிவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கருவியின் கண்ணாடியில் வலது கட்டை விரலை வைத்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஆட்காட்டி விரல், நடு விரல் என்று பத்து விரல்களையும் வைத்துப் பார்த்தாயிற்று. ஈரத் துணியில் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார் ஊழியர். பிறகு தலைமுடியில் லேசாகத் தடவிவிட்டு வைக்கச் சொன்னார். வரிசையில் பின்னால் நின்றவர்களும் பொறுமையாகவே ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கடைசியில், "ரேகையே விழவில்லை அம்மா, ஆதார் மையத்தில் புதுப்பித்துக்கொண்டு வாருங்கள்" என்று அனுப்பிவிட்டார்கள். அங்கே ஒரு நாள் டோக்கன் கிடைக்கவில்லை, மறுநாள் சர்வர் வேலை செய்யவில்லை. எப்படியோ புதுப்பித்துக்கொண்டு திரும்பி வந்தாலும் அதே சிவப்பு விளக்குதான் எரிந்தது.

வயதாக ஆகத் தோல் வறண்டு, விரல் நுனியின் வரிகள் தட்டையாகிவிடுவது இயற்கை. அதற்கு மேல், அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் அரைத்து, சாம்பலும் தேங்காய் நாருமாகப் பாத்திரம் தேய்த்து, பின்னாளில் சோப்புத் தூளில் ஊறிய கைகள் இவை. கொத்தனார், சித்தாள், நாற்று நடுபவர், சலவைத் தொழிலாளி என்று கையால் உழைத்த எவருக்கும் இந்த நிலை வரும்.

அந்த டிசம்பர் மாத ஓய்வூதியம் வரவில்லை. மாதம் பிறந்தால் பால் பாக்கியையும் என் இரத்த அழுத்த மாத்திரையையும் நானே பார்த்துக்கொள்வேன். மிச்சத்தில் பேரப்பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுப்பேன். முதல் முறையாக மருந்துக்கு மகனிடம் பணம் கேட்டேன். அவன் முகம் சுளிக்கவில்லை. மருமகள் தானே கடைக்குப் போய் வாங்கி வந்தாள். அப்படிப்பட்ட பிள்ளைகள் அமைந்தும், அந்த இரண்டு மாதமும் ஒவ்வொரு மாத்திரை அட்டையையும் எண்ணிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். கேட்பதற்குப் பிள்ளைகளே இல்லாதவர்களின் நிலையை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது.

பொங்கல் விடுமுறைக்கு வந்த கல்லூரியில் படிக்கும் பேரன்தான் வழி கண்டான். என்னை ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்கார வைத்து, செல்போனை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, "கண்ணை மூடித் திறங்க பாட்டி" என்றான். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிட்டது. நிலுவையோடு ஓய்வூதியம் பிப்ரவரியில் வந்து சேர்ந்தது.

மின்னணு முறையில் சான்றிதழ் அளிக்கும் ஜீவன் பிரமாண் திட்டம் 2014 நவம்பரில் வந்தது என்பதையும், அதில் முகத்தைக் காட்டிப் பதிவு செய்யும் வசதி 2021 நவம்பரிலேயே சேர்க்கப்பட்டுவிட்டது என்பதையும் அதன் பிறகுதான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு வரும் தபால்காரர் மூலமாகவும் சிறு கட்டணத்தில் பதிவு செய்யலாம். வங்கி அலுவலர் முன்னிலையில் காகிதப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்கும் பழைய முறையும் ஒழிக்கப்படவில்லை. இவை எல்லாவற்றையும்விட, 70 வயதைக் கடந்தவர்களின் வீட்டுக்கே வந்து உயிர்வாழ் சான்றிதழைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டை வங்கிகள் செய்ய வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே அறிவுறுத்தியிருக்கிறது. நான் பத்து விரல்களையும் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்த அன்று இத்தனை வழிகளும் திறந்தே இருந்தன. அவற்றில் ஒன்றைக்கூட எவரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த ஊழியர்மீது எனக்குக் கோபம் இல்லை. அவருக்கே யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

பேரன் வீட்டில் இருந்ததால் எனக்குக் காரியம் நடந்தது. தொடுதிரை செல்போனும் இல்லாமல், குறுஞ்செய்தி எல்லாம் வெளியூர் மகனின் எண்ணுக்குப் போகும்படி பதிந்துவிட்டுத் தனியாக இருப்பவர்கள் எங்கள் தெருவிலேயே நான்கு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காக வங்கி நிர்வாகங்களிடம் தங்கள் இதழ் வழியாக வேண்டுவது இவைதான். விரல் பதியவில்லை என்றால், அடுத்த நொடியே காகிதப் படிவத்தை எடுத்து நீட்டுங்கள். முதியவரை ஆதார் மையத்துக்கு அலைய விடாதீர்கள். வீட்டுக்கு வந்து பெற்றுக்கொள்ளும் வசதிக்கு யாரை, எந்த எண்ணில் கேட்க வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில், தமிழில், கிளையின் வாசலில் எழுதி வையுங்கள். அந்தப் பலகையை நவம்பர் வரும்வரை தள்ளிப்போடாமல் செப்டம்பரிலேயே வைத்துவிடுங்கள். 80 வயதைக் கடந்த மத்திய அரசு ஓய்வூதியர்கள் அக்டோபர் 1ஆம் தேதியிலிருந்தே சான்றிதழ் தரலாம் என்பது எங்கள் எதிர் வீட்டு 82 வயது அம்மாளுக்குச் சென்ற ஆண்டு நான் சொல்லித்தான் தெரிய வந்தது. அதுவரை அவர் ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் கூட்டத்தில், கைத்தடியை ஊன்றிக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறார்.

இப்படிக்கு,
குடும்ப ஓய்வூதியர்,
பொன்மலை, திருச்சி.