புதன்கிழமை ஊசி பள்ளிக்கூடத்துக்கு வந்த கதை: ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

குடியாத்தத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். போன மாதம் எங்கள் பிள்ளைகளுக்கு டி.டி. தடுப்பூசி (ரண ஜன்னி என்கிற டெட்டனஸும் தொண்டை அடைப்பான் என்கிற டிப்தீரியாவும் வராமல் தடுப்பது) போட்டு முடித்தோம். வகுப்பில் 41 பேர். அன்றைக்கு 38 பேர் போட்டுக்கொண்டார்கள். அதற்கு மூன்று வாரம் முன்னால் இதே வகுப்பில் கையெழுத்தோடு திரும்பி வந்த ஒப்புதல் படிவங்கள் வெறும் 13. அந்த மூன்று வாரத்தில் எங்களுக்காக நடந்தவர்கள், பேசியவர்கள், வேலையை நிறுத்திக் காது கொடுத்தவர்கள் எல்லோருக்கும் பேர் சொல்லாமல், ஆனால் மனசார நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பேர் போட வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள்.

முதலில் எங்கள் துணை சுகாதார நிலைய நர்சம்மாவுக்கு.

படிவங்கள் 13-தான் வந்தன என்று போனில் சொன்னபோது எனக்குக் கோபம். "இந்தத் தாய்மார்களுக்குப் பிள்ளைகள் மேல அக்கறையே இல்லை" என்று சொல்லிவிட்டேன். நர்சம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "டீச்சர், படிவத்த எப்பக் குடுத்தீங்க?" என்று கேட்டார். இரண்டு நாள் முன்னால் கொடுத்தேன். கொடுத்து, "அம்மாகிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்றேன். அவ்வளவுதான். எதற்கு ஊசி, ஏன் இந்த வயதில், எதுவும் சொல்லவில்லை. தவறு என்னுடையது. அதை அவர் ஒரே கேள்வியில் காட்டினார், குத்திக்காட்டவில்லை.

அவர்தான் அப்புறம் சொன்னார்: கைக்குழந்தைக்கு ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று தவறாமல் தூக்கிக்கொண்டு வருகிற அதே அம்மாக்கள்தான் இவர்கள். ஒன்றரை வயதிலும் ஐந்து வயதிலும் வருவார்கள். அதற்கு அப்புறம் 10 வயதுக்கு ஒன்று, 16 வயதுக்கு ஒன்று என்று இருப்பதே பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஊசி போடும் நாள் புதன்கிழமை. புதன்கிழமை பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கிறது. அம்மா காலை ஏழு மணிக்கே ஷூ கம்பெனி வேன் ஏறிவிடுகிறார், இல்லையென்றால் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றுகிறார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, நன்றாக ஓடியாடிக்கொண்டிருக்கிற பையனைக் கூட்டிக்கொண்டு யார் சுகாதார நிலையத்துக்குப் போவார்கள்? அதனால்தான் ஊசியே பள்ளிக்கூடத்துக்கு வருகிறது. வந்தும் நாங்கள் அதை ஒரு துண்டுத் தாளோடு நிறுத்திவிட்டோம்.

அடுத்த நன்றி ஒரு ஆயாவுக்கு. எங்கள் மாணவி ஒருத்தியின் பாட்டி. படிவத்தைக் கிழித்துப் போட்டவரே அவர்தான். நானும் நர்சம்மாவும் வீட்டுக்குப் போனபோது திண்ணையில் உட்கார்ந்து பீடிக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்து நேராகவே கேட்டார்:

"இன்னா டீச்சரம்மா, பிள்ளத்தாச்சிக்குப் போடற ஊசிய வயசுப் பொண்ணுக்குப் போடறேன்றீங்க? நாளைக்கு நாலு பேரு நாலு விதமாப் பேச மாட்டாங்களா?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் பக்கத்தில் டி.டி. என்றாலே கர்ப்பிணிக்குப் போடும் ஊசி என்றுதான் அர்த்தம். வீட்டில் ஒரு பெண் டி.டி. போட்டுக்கொண்டாள் என்றால் அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று ஊர் தெரிந்துகொள்ளும். அந்தச் சொல்லை அப்படியே தாளில் அடித்து, கல்யாணம் ஆகாத பெண்பிள்ளைகளின் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். பெண்பிள்ளைகளின் படிவங்கள்தான் அதிகம் வராமல் போனதற்குக் காரணம் இதுதான் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் நான் படித்ததில்லை. இந்த ஆயா வாயைத் திறந்து கேட்காமல் இருந்திருந்தால், தாய்மார்களுக்கு அக்கறை இல்லை என்றே இன்னும் சொல்லிக்கொண்டிருப்பேன்.

நர்சம்மா மழுப்பவில்லை. திண்ணையில் பக்கத்திலேயே உட்கார்ந்தார். "ஆமா ஆயா, பிள்ளத்தாச்சிக்கும் இதே மருந்துதான். பொறக்கற கொழந்தைக்கு ஜன்னி வரக்கூடாதுன்னு போடறோம். ஆம்பளப் பசங்களுக்கும் இதேதான். என் பையனும் அதே கிளாஸ்தான், அவனுக்குத்தான் மொதல்ல போடப் போறேன்" என்றார். முன்பெல்லாம் போட்டது ரண ஜன்னிக்கு மட்டும்; 2019-க்கு அப்புறம் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து ஒரே ஊசியாக வருகிறது, பேர் மட்டும் காதுக்குப் பழைய மாதிரியே கேட்கிறது என்று விளக்கினார். தொண்டை அடைப்பான் என்றதும் ஆயாவின் கை நின்றுவிட்டது. அவருடைய தம்பி சின்ன வயதில் அதில்தான் போனாராம். தொண்டையில் சாம்பல் நிறத்தில் ஆடை மாதிரி படர்ந்து, மூச்சு விட முடியாமல், இரண்டு நாளில். "அது இன்னும் கீதா?" என்று கேட்டார். இருக்கிறது. குழந்தையில் போட்ட ஊசியின் பலம் வருஷம் ஆக ஆகக் குறைகிறது, அதனால்தான் 10 வயதிலும் 16 வயதிலும் திரும்பப் போடுகிறோம் என்றார் நர்சம்மா. அன்று சாயங்காலம் அந்தத் தெருவில் ஏழு வீட்டுக்கு ஆயாவே எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். ஆயாவுக்கு என் நமஸ்காரம்.

பீடிக் கடை ஏஜென்ட் அண்ணனுக்கு நன்றி. சுற்றின பீடியைக் கொடுத்துவிட்டு இலையும் தூளும் வாங்கிப் போகத் தாய்மார்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில், கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நர்சம்மாவுக்குப் பதினைந்து நிமிடம் கொடுத்தார். பெற்றோர் கூட்டம் என்று நான் மூன்று முறை கூப்பிட்டு வராதவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். ஷூ கம்பெனிக்குப் போகும் தாய்மார்களுக்கு அப்படி ஓர் இடம் கிடைக்கவில்லை. வேன் ஓட்டும் தம்பிதான் படிவங்களை வாங்கிக்கொண்டு, வண்டியிலேயே கையெழுத்து வாங்கி மறுநாள் காலையில் கொண்டுவந்து கொடுத்தார். அவருக்கும் நன்றி.

எங்கள் பிள்ளைகளில் உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் நிறைய. அம்மாக்களில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இதுவும் எனக்குத் தோன்றாத விஷயம். எங்கள் பழைய மாணவி ஒருத்தி, இப்போது கல்லூரியில் படிக்கிறாள், படிவத்தில் இருந்ததை உருதுவில் பேசிப் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஒன்றரை நிமிடம்தான். அது வீட்டுக்கு வீடு போனது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது, இதே வாட்ஸ்அப்பில் வந்த பொய்ச் செய்திகளைக் கேட்டுப் பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கே அனுப்பாமல் வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அதே போனில் இந்த முறை நம் பிள்ளை ஒருத்தியின் குரல் போனது. பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் இமாம் ஐயாவும் இரண்டு வார்த்தை சொன்னதாக மாணவர்கள் வந்து சொன்னார்கள். ஜமாஅத் பெரியவர்களுக்கு எங்கள் பள்ளியின் நன்றி.

எங்கள் சத்துணவு உதவியாளர் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் போலியோ வந்தவர், ஒரு கால் சூம்பியிருக்கும். இருபது வருஷமாக அந்தக் காலோடுதான் எங்கள் பிள்ளைகளுக்குச் சோறு போடுகிறார், அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. பெற்றோர் கூட்டத்தில் ஒருவர், "அந்தக் காலத்துல இதெல்லாம் போட்டா வளர்ந்தோம்?" என்று கேட்டபோது, பரிமாறிக்கொண்டிருந்த டீயை வைத்துவிட்டு, "நான் போடாமதான் வளர்ந்தேன் சார்" என்றார். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ கிருமியால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்ட குழந்தை. எங்கள் பள்ளியில் இன்றைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்த நோயைத் தெரிய வேண்டியதே இல்லை, அக்காவைப் பார்த்துத் தெரிந்துகொண்டால்தான் உண்டு. கேட்ட அந்த அப்பா கூட்டம் முடிந்ததும் அக்காவிடம் போய் நின்று பேசிவிட்டு வந்தார். அவருடைய பையனின் படிவம் மறுநாள் வந்தது.

ஊசி போட்ட நாளைப் பற்றிக் கொஞ்சம். காலையில் நர்சம்மா நீலப் பெட்டியோடு வந்து இறங்கினார். உள்ளே இருக்கும் ஐஸ் பேக் ஒன்றை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கிக் காட்டினார். உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டுமாம். கட்டியாக உறைந்த ஐஸைப் பக்கத்தில் வைத்தால் இந்த மருந்து உறைந்து கெட்டுவிடும். அதனால் காலையிலேயே வெளியே எடுத்து வைத்து, கொஞ்சம் உருகத் தொடங்கிய பிறகுதான் பெட்டிக்குள் அடுக்குகிறார்கள். மருந்துக் குப்பியின் மேல் ஒரு வட்டம், அதற்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால்தான் போடலாம். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து அந்தச் சதுரத்தை எட்டிப் பார்த்தார்கள். நான் அறிவியல் ஆசிரியை. இத்தனை வருஷத்தில் இதை ஒரு பாடமாக நடத்த எனக்குத் தோன்றவில்லையே என்று இருந்தது.

2022 ஜனவரி 3-ஆம் தேதி 15 வயது ஆன பிள்ளைகளுக்குக் கொரோனா ஊசி தொடங்கியபோது, எங்கள் பள்ளியிலும் சில நாளில் முகாம் நடந்தது. வெறும் வயிற்றோடு வரிசையில் நின்ற ஒரு பெண், முன்னால் போடுவதைப் பார்த்தே மயங்கி விழுந்துவிட்டாள். பயத்தில் வரும் சாதாரண மயக்கம்தான், பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டாள். ஆனால் அதைப் பார்த்து இன்னும் நாலு பேருக்குத் தலை சுற்றியது, ஊருக்குள் அது வேறு கதையாகப் போனது. அதை மறக்காமல் இந்த முறை தலைமை ஆசிரியர் சத்துணவை முன்கூட்டியே போடச் சொன்னார். எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் ஊசி. ஒரு கதவு வழியாக ஒருவர் மட்டும் உள்ளே, இன்னொரு கதவு வழியாக வெளியே. பெண்பிள்ளைகள் கையை மடித்து விட வேண்டும் என்பதால் கணித டீச்சர் வீட்டிலிருந்து இரண்டு பழைய புடவை கொண்டுவந்து மறைப்புக் கட்டினார். போட்டுக்கொண்டவர்கள் அரை மணி நேரம் பக்கத்து வகுப்பில் பாயில் உட்கார்ந்தார்கள். உடற்கல்வி ஆசிரியர் கதை சொல்லிக்கொண்டே ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவரும் மயங்கவில்லை. சாயங்காலம் சிலருக்குக் கை வலி, இரண்டு பேருக்கு லேசான ஜுரம். அதையும் நர்சம்மா முன்னாலேயே சொல்லி வைத்திருந்ததால் யாரும் பதறவில்லை.

முதல் ஊசி நர்சம்மாவின் பையனுக்கு. சொன்ன மாதிரியே.

பிள்ளைகளுக்கும் ஒரு நன்றி இருக்கிறது. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டு டவுனில் வெல்டிங் பட்டறைக்குப் போகிற ஒரு பையன். அவன் பேர் எங்கள் வருகைப் பதிவேட்டில் இல்லை. அதனால் அவன் என் கணக்கிலும் இல்லை. துருப்பிடித்த இரும்பில் கை கிழிகிற வேலை அவனுக்குத்தான், 41 பேரில் யாரையும்விட இந்த ஊசி தேவைப்பட்டவன் அவன்தான். நான் மறந்துவிட்டேன். அவனோடு படித்த மூன்று பையன்கள் மறக்கவில்லை. "மிஸ், அவனுக்கு?" என்று வந்து கேட்டார்கள். அடுத்த புதன்கிழமை பட்டறைக்காரர் அவனை ஒரு மணி நேரம் முன்னதாக விட்டார், கூலி பிடிக்கவில்லை. பள்ளியில் ஊசி போட்ட நாளில் ஜுரத்தில் படுத்திருந்த பையனும், பாட்டி ஊருக்குப் போயிருந்த பெண்ணும் வந்தார்கள். மூன்று பேருக்கும் துணை சுகாதார நிலையத்தில் போட்டாயிற்று. நர்சம்மா எழுதிக் கொடுத்த அட்டையை வெல்டிங் பையன் கரி படியாமல் ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இன்னும் ஒருவர் பாக்கி. ஒரு பெண்பிள்ளையின் அம்மா கடைசி வரை கையெழுத்துப் போடவில்லை. வற்புறுத்த வேண்டாம் என்று நர்சம்மா சொல்லிவிட்டார். ஊசி போட்ட மறுநாள் அந்த அம்மாவே பள்ளிக்கு வந்தார். யாருக்காவது ஏதாவது ஆனதா, ஜுரம் எத்தனை நாள் இருந்தது, மாதவிலக்குக்கு ஏதும் தொந்தரவு வருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு ஊசி போடப் போவதாக 2025-26 தமிழ்நாடு பட்ஜெட்டில் அறிவித்தார்களே, அது வேறு, இது வேறா என்றும் கேட்டார். வேறுதான் என்றேன். இத்தனை கேள்வியோடு எட்டு கிலோமீட்டர் பஸ் ஏறி வந்த அந்த அம்மாவுக்கும் நன்றி. ஒரு புதன்கிழமை சாயங்காலம் நர்சம்மா இருக்கும்போது திரும்ப வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் பெண்ணின் படிவத்தை என் மேசை டிராயரில்தான் வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
பத்தாம் வகுப்பு ஆசிரியை
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்