கோட்டம் எடுத்த மாலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

குடும்பத்தோடு கன்னியாகுமரி வரை சைக்கிள் ஓட்டிவிட்டு ஊர் திரும்பிப் பத்து நாளாகியும் உனக்கு ஒரு வரி எழுதாமல் இருந்துவிட்டு, இப்போது நாலு பேர் படிக்கும் இடத்தில் எழுதுகிறேனே என்று நீ சிரிப்பாய். உன் ஊரான கல்லிடைக்குறிச்சியில் ஒரு மணி நேரம்தான் நிற்போம் என்று தென்காசியிலிருந்து போனில் நான் சொன்னதும், அதற்கு நீ "சரிலே, வா" என்று மட்டும் சொல்லி வைத்ததும் நினைவுக்கு வரும்போதெல்லாம் வெட்கமாக இருக்கிறது.

கோயம்புத்தூரிலிருந்து பழனி, மதுரை, இராஜபாளையம் வழியாக அதற்குள் பதினான்கு நாள் ஓட்டியிருந்தோம். மே மாத வெயிலுக்குப் பயந்து விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பி, பத்து மணிக்கெல்லாம் நிழல் தேடி ஒதுங்குவோம். மனைவிக்கு ஒரு சைக்கிள், மகளுக்கு ஒன்று, சின்னவனையும் மூட்டைகளையும் சுமக்கும் என்னுடையது ஒன்று. கன்னியாகுமரியை இந்தத் தேதிக்குள் தொட வேண்டும் என்று நான் ஒரு கணக்கு வைத்திருந்தேன். அந்தக் கணக்கில் உன் வீடு, தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் இன்னொரு நிறுத்தமாகத்தான் இருந்தது.

கடையம் தாண்டியதும் பின்சக்கரத்தில் 'டிங்' என்று ஒரு சத்தம் கேட்டது. பாரதி வாழ்ந்த செல்லம்மாளின் ஊரைப் பிள்ளைகளுக்கு நிதானமாகக் காட்டவேண்டும் என்று நினைத்திருந்தவன், தேதிக் கணக்கில் அதையும் விட்டுவிட்டு வந்திருந்தேன்; அதற்கான தண்டனை என்றே தோன்றியது. கம்பி ஒன்று அறுந்து, ரிம் கோணி, பிரேக் கட்டையில் உரசத் தொடங்கியது. நான் செய்த காரியம், பின் பிரேக்கைக் கழற்றிவிட்டு ஓட்டியதுதான். ஆழ்வார்குறிச்சியில் நீ உன் பழைய சைக்கிளோடு சாலையோரப் புளியமரத்தடியில் நின்றிருந்தாய். இத்தனை ஆண்டு கழித்துப் பார்க்கிறோமே, எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று, எப்படி இருந்தது என்றெல்லாம் கேட்பாய் என்று பதில்களைக்கூட மனத்தில் அடுக்கி வைத்திருந்தேன். நீ குனிந்து சக்கரத்தைப் பார்த்தாய். "பிள்ளைய பின்னால வச்சிக்கிட்டு பிரேக்கக் கழத்திட்டா வந்த?" என்றாய். நம் சந்திப்பின் முதல் வாக்கியம் அதுதான். சின்னவனை உன் கேரியருக்கு மாற்றிக்கொண்டு, அம்பாசமுத்திரம் வரையிலும், பிறகு ஆற்றுப்பாலம் தாண்டி உன் வீடு வரையிலும் எனக்கு முன்னால் மெதுவாக ஓட்டிப் போனாய்.

உன் அப்பாவின் வாடகை சைக்கிள் கடை போய்விட்டாலும் அதன் தகரப் பெட்டி போகவில்லை என்பது எனக்குத் தெரியாது. சங்கிலி ஓடும் பற்சக்கரமான ஃப்ரீவீல் இருக்கும் வலப்பக்கத்துக் கம்பிகள்தாம் அதிக விறைப்போடு நிற்கும், பாரம் ஏறினால் பெரும்பாலும் முதலில் அறுவதும் அவைதாம், ஃப்ரீவீலைக் கழற்றாமல் அங்கே புதுக்கம்பி கோக்க முடியாது என்று நீ என் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாய், என்னிடம் அல்ல. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, அவள் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுத்து, சட்டத்தோடு ஒட்டி ரிம்முக்கு நூலிழை இடைவெளியில் பிடிக்கச் சொன்னாய். சக்கரம் சுழலும்போது கோட்டம் உள்ள இடம் மட்டும் சாக்பீஸில் உரசி வெள்ளைக் கோடு வாங்கும். அந்த இடத்தில் எதிர்ப்பக்கக் கம்பியை ரிம்மோடு பிணைக்கும் திருகான நிப்பிளை அதற்குரிய சாவியால் கால் சுற்று முடுக்கு, இந்தப் பக்கத்துக் கம்பியைக் கால் சுற்று தளர்த்து, மறுபடி சுற்று. அவசரப்பட்டு ஒரே இடத்தில் முழுச் சுற்று முடுக்கினால் கோட்டம் வேறிடத்துக்கு நகருமே தவிர, தீராது என்றாய். கோடுகள் குறுகிக்கொண்டே வந்தன.

அந்த வேலையின் நடுவில்தான், நிமிர்ந்துகூடப் பார்க்காமல், திருமங்கலம் தாண்டி ஒரு லாரி உரசினாற்போலப் போன நாளிலிருந்து பெரிய சாலை என்றாலே தனக்குக் கை நடுங்குகிறது என்று அவள் உன்னிடம் சொன்னாள். எனக்கு மூன்று முழம் முன்னால் இரவும் பகலும் இருந்தவள். இராஜபாளையத்திலும் சொல்லவில்லை, தென்காசியிலும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்றுதான் பதில் வந்திருக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நீயும் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "அப்பம் அந்த ரோட்டுல எதுக்குப் போணும்?" என்றாய்.

நாங்குநேரிக்குப் போய் நாற்கரச் சாலையில் ஏறுவது என்ற என் திட்டம் அங்கேயே முடிந்தது. ஒரு மணி நேரம் இரண்டு இரவானது. கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் திறக்காத நாள் என்பதால் கன்னடியன் கால்வாய் வறண்டு கிடக்க, பிள்ளைகளை ஆற்றுக்கே கூட்டிப்போனாய். "மாப்ளே மாப்ளேன்னு கூப்பிடுதீங்க, மறுவீட்டுச் சொதி வைக்காண்டாமா?" என்று தங்கச்சி, அதாவது உன் மனைவி, மறுவீட்டு விருந்தில் மாப்பிள்ளைக்கு வைப்பதுபோலத் தேங்காய்ப்பால் பிழிந்து சொதியும் இஞ்சிப் பச்சடியும் வைத்தாள். பதினான்கு நாள் ஓட்டல் சாம்பாருக்குப் பிறகு அந்தச் சொதியைப் பற்றி எழுதத் தொடங்கினால் கடிதம் முடியாது. என் மனைவி அன்றைக்குச் சிரித்ததுபோல அந்தப் பயணத்தில் வேறெங்கும் சிரிக்கவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

களக்காடு வரை நீ கூட வந்தாய். அதன் பிறகு நீ எழுதிக் கொடுத்த தாளின்படியே ஏர்வாடி, வள்ளியூர், இராதாபுரம், கூடங்குளம், அஞ்சுகிராமம் என்று போனோம். காற்றாலைகள் நிற்கும் பொட்டலில் மேற்கேயிருந்து வரும் மேல்காற்று வலப்பக்கத்திலிருந்து அடித்து எங்களைச் சாலையின் ஓரத்துக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது. ஓரிடத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் நடந்தோம். மகள் முன்னால் போனாள். நான் நினைத்திருந்த தேதிக்கு மூன்று நாள் கழித்துக் குமரிக்கடலைப் பார்த்தோம். அந்தத் தேதியைப் பற்றி வீட்டில் ஒருவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சக்கரம் இன்றுவரை உரசவில்லை. மகளுக்குச் சொந்தமாக ஒரு நிப்பிள் சாவி வேண்டுமாம், எந்த அளவு வாங்க வேண்டும் என்பதை உன்னிடம்தான் கேட்பாளாம். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குமேல் போன் செய்வாள், எடுத்துப் பேசு.

அன்புடன்,
உன் மாப்ளே