சுண்ணாம்புக்கல்லை விட்டுவிட்டீர்களே

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நிறுவனங்கள் அடுத்தடுத்து ஒன்றையொன்று வாங்குவது பற்றிய உங்கள் கட்டுரை, செலவு குறையும், நிர்வாகம் சீராகும் என்று காரணம் சொன்னது. பாளையங்கோட்டையில் சிமெண்ட் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தொழிலைப் பொறுத்தவரை அதெல்லாம் பிறகு எழுதிக்கொள்ளும் கணக்கு. முதல் காரணம் சிமெண்டுக்கு மூலப்பொருளான சுண்ணாம்புக்கல். அடுத்தது, எதிராளி முந்திவிடுவானோ என்ற பதற்றம்.

2015இல் சுரங்கச் சட்டத்தைத் திருத்தியபின் புதிய சுண்ணாம்புக்கல் குத்தகையை ஏலத்தில்தான் எடுக்க முடியும். ஏலம், சுற்றுச்சூழல் அனுமதி, நிலம், அப்புறம் ஆலை என்று வருடங்கள் ஓடிவிடும். ஓடுகிற கம்பெனியை வாங்கினால் கல்லும் சேர்ந்து வருகிறது. ஆலையை மட்டும் தனியாக விற்கும்போது பழைய குத்தகையை மாற்றித் தருவதில் சிக்கல் இருந்தது. 2016இல் இன்னொரு திருத்தம் வந்து அதுவும் தீர்ந்தது. இதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரி இல்லை.

பதற்றத்துக்கு 2024 ஜூன் ஒன்றே போதும். அதானியின் அம்புஜா, பென்னா சிமெண்டை 10,422 கோடி ரூபாய் மதிப்பில் வாங்குவதாக அறிவித்தது. மாதம் முடிவதற்குள் அதன் எதிராளியான அல்ட்ராடெக், இந்தியா சிமெண்ட்ஸில் சுமார் 23 சதவீதப் பங்கை எடுக்க முடிவு செய்தது. ஜூலையில் நிறுவனர் தரப்புப் பங்குகளுக்கும் விலை பேசியாயிற்று: பங்கு 390 ரூபாய், மொத்தம் 3,954 கோடி. டிசம்பரில் கம்பெனி கைமாறியது. 1949 முதல் ஓடும், எங்கள் ஊர்ப்பக்கம் இருக்கும் அதன் தாழையூத்து ஆலையும் அதோடு போனது. 1998இல் ராசி சிமெண்டை மல்லுக்கட்டி வாங்கியது இதே இந்தியா சிமெண்ட்ஸ்தான் என்பதை இன்றைய இளம் டீலர்களிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

கொத்தனார்கள் இன்னும் இந்தியா சிமெண்ட்ஸின் 'சங்கர்' மூட்டைதான் கேட்கிறார்கள். முதலாளி இப்போது வேறு. ஆனால் முதலாளிகள் குறையக் குறைய, ஒருவர் விலை ஏற்றினால் அடுத்தவரிடம் போகலாம் என்ற வழி அடைபடும். சிமெண்ட் கனமான சரக்கு. லாரி வாடகை கொடுத்து வெகுதூரத்திலிருந்து இறக்கினால் கட்டுப்படியாகாது. கூடிப் பேசி விலை வைத்ததாகச் சொல்லி 2012இல் போட்டி ஆணையம் பெரிய சிமெண்ட் கம்பெனிகளுக்கு மொத்தம் 6,000 கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. கம்பெனிகள் மேல்முறையீட்டுக்குப் போயின.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதினால், இந்திய அளவில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று போடுவதோடு நிறுத்தாமல், தென்மாவட்டங்களுக்கு மட்டும் தனியாக ஒரு பட்டியல் போடுங்கள். வீடு கட்டுகிறவருக்கு அதுதான் உதவும்.

சிமெண்ட் வியாபாரி,
பாளையங்கோட்டை