மதகிலிருந்து மோட்டார் கொட்டகை வரை

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். சம்பா அறுப்பு பாதி முடிந்தது. நம் வயலுக்கு மெஷின் வர இன்னும் நாலு நாள் ஆகுமாம். போனில் பேசினால் ‘சரிப்பா, சரிப்பா’ என்று வைத்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது உன் பனியனைத் துவைக்க எடுத்தேன். முழங்காலில் மாட்டுகிற உன் நீ-கேப்புக்குள்ளிருந்து ஒரு டப்பா உருண்டு விழுந்தது. உதட்டுக்கடியில் ஒதுக்குகிற புகையிலை, டீ பேக் மாதிரி குட்டிக் குட்டியாக. நாலு மிச்சம் இருந்தது. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது.

‘புகை இல்லையேப்பா, நுரையீரலுக்கு ஒன்றுமில்லை’ என்பாய். புகை இல்லைதான், நிக்கோடின் அதேதான். ஈறு வழியாக ரத்தத்தில் ஏறி ரத்தக்குழாயைச் சுருக்கும், நெஞ்சைப் படபடக்க வைக்கும். நீ ‘கபடி கபடி’ என்று பாடி எதிர்ப்பக்கம் போகும் முன்பே பாதி ரைடு போய் வந்த மாதிரி ஆகிவிடும். வாய்ப்புற்று வந்தவர்களை நம் தெருவிலேயே பார்த்திருக்கிறாய்.

உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. பத்தொன்பது வயதில், வடுவூர் பக்கம் ஒரு மின்னொளி கபடியில் கடைசி ரைடில் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தேன். ஜெயித்தோம். விளக்கு வெளிச்சம் விழாத இடத்தில் எங்கள் கேப்டன் அண்ணன் ஒரு டம்ளர் பிராந்தியை என் கையில் வைத்தார். பாடி வருகிறவன் காலைப் பிடித்து மடக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர். எப்படி வேண்டாம் என்பது? தோற்றவனுக்கு யாரும் ஊற்றித் தருவதில்லை தம்பி, ஜெயித்த அன்றுதான் தேடி வரும். பிராந்திக்குத் துணையாக சிகரெட் வந்தது. இரண்டே வருஷத்தில் நடுக்கோட்டைத் தொடுமுன் பாட்டு அறுந்துபோக ஆரம்பித்தது. தரையைக் குறை சொன்னேன், சாப்பாட்டைக் குறை சொன்னேன். புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று டாக்டர் ஒருவர் பின்னால்தான் சொன்னார்.

ஹாஸ்டல் பக்கம் கஞ்சாவும் நடமாடுகிறதாமே. அமெரிக்க ஓட்டக்காரி ஷகாரி ரிச்சர்ட்சன் 2021-இல் ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் 100 மீட்டரில் முதலாவதாக வந்தாள். பெற்ற தாய் இறந்த செய்தி வந்த வேதனையில் இழுத்திருக்கிறாள். போட்டி நடந்த ஊரில் அது சட்டப்படி குற்றமே இல்லை, ஆனால் போட்டிச் சோதனையில் காட்டிவிட்டது. தடை ஒரே மாதம்தான், டோக்கியோ ஒலிம்பிக் கைநழுவிப் போய்விட்டது. அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் நீ கணக்குப் போட்டுக்கொள்: அது உடம்புக் கொழுப்பில் தங்குகிற சரக்கு, வழக்கமாக இழுக்கிறவன் விட்டுச் சில வாரமானாலும் சிறுநீரில் காட்டும். நம் நாட்டில் போலீஸ் கேஸ் வேறு.

புகையிலையை விட்டுவிட உதவும் இலவச எண் 1800-11-2356. கடைகளில் விற்கிற பாக்கெட்டின் மேலேயே அச்சடித்திருக்கிறார்கள், என்ன வேடிக்கை பார். கூப்பிடுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. நான் மூன்றாவது தடவைதான் விட்டேன், நீ பிறந்த பிறகு.

போன வாரம் ஆளில்லாத நேரமாகப் பார்த்து, மதகிலிருந்து மோட்டார் கொட்டகை வரை மூச்சு விடாமல் ‘கபடி கபடி’ பாடிப் பார்த்தேன். பாதி வழியில் புங்கமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். நாய் ஒரு மாதிரியாகப் பார்த்தது. எட்டாம் வகுப்பில் நீ முழுசாகப் பாடி முடித்து, திரும்பியும் பாதி தூரம் வருவாய். அடுத்த தடவை வரும்போது ஒரு சாயங்காலம் நீ பாடு, நான் கொட்டகைப் பக்கம் நிற்கிறேன்.

அப்பா