வால்வும் சங்கும்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது, கோபித்துக்கொள்ளாதே. கடலுக்கடியில் போகும் ரோபோவுக்குக் கைவேலை கற்றுத் தருகிறோம் என்று சொன்னேனே, இரவு பகலாக அதுதான்.

ஒரு வால்வைப் பிடித்துத் திருப்ப வேண்டும், அவ்வளவுதான். இதே கையைக் கரையில் மேஜையோடு முடுக்கி வைத்தால் சுலபமாகச் செய்துவிடும். தண்ணீரில் அது மிதக்கிறதே, கையை முன்னால் நீட்டினால் உடம்பு பின்னால் போகிறது, வால்வைத் திருப்பப் போனால் ரோபோவே சுற்றுகிறது. கை அடுத்து என்ன செய்யப் போகிறது என்பது ரோபோவைத் தள்ளி நகர்த்தும் உந்திகளுக்கு முன்கூட்டியே தெரிந்தால்தான் நிலையாக நிற்கும்.

மேலேயிருந்து ஆளே ஓட்டினால் என்ன என்று கேட்டிருந்தாய். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. 1664-இல் பிரான்ஸில் தூலோன் அருகே மூழ்கிய லா லூன் கப்பலிலிருந்து ஒரு சாடியை 2016-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஓஷன்ஒன் என்ற ரோபோ எடுத்து வந்ததே, அதையும் மேலே கப்பலில் இருந்தவர் அது தொடுவதைத் தன் கையில் உணர்ந்தபடிதான் இயக்கினார். அதற்குக் கேபிள் வேண்டும். கேபிள் இல்லையென்றால், வைஃபை அலை கடல்நீரில் ஒரு மீட்டர்கூடத் தாண்டாது. ஒலிதான் வழி, அது நொடிக்கு 1,500 மீட்டர்தான் போகும், கேமராப் படத்தை உடனுக்குடன் அனுப்ப அதில் இடமும் இல்லை. அதனால் கீழே ரோபோ தானே முடிவெடுத்தாக வேண்டும்.

பழகிய ஆபரேட்டர் ஒருவர் ஜாய்ஸ்டிக்கில் திரும்பத் திரும்பச் செய்து காட்டினார், அதைப் பார்த்து ரோபோ பழகியது, அப்புறம் சிமுலேட்டரில் நீரோட்டத்தை மாற்றி மாற்றி விட்டோம். குளத்தில் நன்றாகவே வந்தது. இங்கே சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவுப் பக்கம் கடலில் இறக்கினோம், இந்தக் கடல்தான் உனக்குத் தெரியுமே, வண்டல் கிளம்பினால் நீட்டிய கை தெரியாது. ரோபோ வெறும் தண்ணீரைப் பிடித்துவிட்டு வேலை முடிந்தது என்றது. தவறியதுகூடப் பரவாயில்லை, தவறியதே அதற்குத் தெரியவில்லை என்பதை நினைத்து அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்போது உன் அப்பா ஞாபகம் வந்தது. தூத்துக்குடியில் சங்கு குளித்த நாட்களில், தண்ணீர் கலங்கியிருந்தால் கண்ணை விட்டுவிட்டு மணலைத் தடவியே எது சங்கு, எது கல் என்று சொல்லிவிடுவேன் என்பாரே. இப்போது மணிக்கட்டில் விசை சென்சார் வைத்து, முதலில் தொட்டுப் பார், எதிர்த்துத் தள்ளினால் மட்டும் இறுக்கு என்று கற்றுத் தருகிறோம். நேற்று முதல்முறையாக, பிடி கிடைக்காததும் தானே பின்வாங்கி மறுபடி தேடியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்பாவிடம் ஒன்று கேட்டு எழுது: நீரோட்டம் இழுக்கும்போது ஒரு கை தடவிக்கொண்டிருந்தால் மற்ற கை என்ன செய்யும், எதையாவது பற்றிக்கொள்வாரா, காலை ஊன்றுவாரா? எங்கள் ரோபோவில் இரண்டாவது கை பொருத்த இடம் இருக்கிறது.

அன்புடன்,
குமரன்