மணற்கல்லுக்கு நிறம் மட்டும் போதாது

ஆசிரியருக்கு,

பாறைகள் பற்றிய கட்டுரையில் மணற்கல்லை நிறத்தை வைத்தே பிரித்திருந்தீர்கள். சிவப்பு நிறம் பெரும்பாலும் துகள்களின் மேல் பூச்சாகப் படிந்த கொஞ்சம் இரும்பு ஆக்சைடு, அவ்வளவுதான். மணல் எங்கிருந்து வந்தது என்பதை அது சொல்லாது.

துகளைப் பாருங்கள். ஒரு கைலென்ஸ் போதும். எல்லாம் ஒரே அளவில், முனை மழுங்கி உருண்டையாக இருந்தால் காற்றோ அலையோ நெடுங்காலம் புரட்டிச் சலித்த மணல். கூர்முனையோடு ஃபெல்ஸ்பார் என்ற கனிமமும் நிறைய கலந்திருந்தால், மணல் உடைந்து வந்த தாய்ப்பாறை அதிக தூரத்தில் இருந்திருக்காது, ஏனென்றால் ஃபெல்ஸ்பார், மணலில் வழக்கமாக இருக்கும் குவார்ட்ஸ் கனிமம் மாதிரி தாங்காது, ஈரத்தில் சிதைந்து களிமண்ணாகிவிடும். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டு நுரைத்தால் துகள்களை ஒட்டவைத்திருப்பது அநேகமாகக் கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமம். அப்புறம்தான் 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்த பாறைச் சீவலும் நுண்ணோக்கியும் தேவைப்படும்.

இன்னொன்று, இதுதான் என்னை எழுத வைத்தது. மணலோடு கலந்து கிடக்கும் சிர்கான் என்ற கனிமத்தின் மணிகளில் யுரேனியத்தையும் அது சிதைந்து உண்டாகும் ஈயத்தையும் அளந்து கிடைக்கும் வயதை மணற்கல்லின் வயதாகவே போட்டிருக்கிறீர்கள். அது மணி முதலில் உருவான வயது. அதிலுள்ள மிக இளைய மணியைவிட மணற்கல் பழையதாக இருக்க முடியாது, அதுவரைதான் சொல்லலாம்.