பட்டத்தோடு பாடத்தை முடித்துவிடாதீர்கள்

பெஞ்சமின் பிராங்க்ளினைப் பற்றிப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். போன வாரம் ஒரு படம் வரைந்துகொண்டு வந்தாள். கறுத்த மேகம், பட்டம், நூலில் தொங்கும் சாவி, கீழே மூக்குக்கண்ணாடி போட்ட வழுக்கைத் தலைத் தாத்தா. மின்னலும் மின்சாரம்தான் என்று காட்ட 1752இல் அந்தப் பட்டம் பறந்ததாகச் சொல்லப்படும்போது அவருக்கு 46 வயதுதான், தாத்தா ஆகியிருக்கவில்லை. அது போகட்டும். "வேற என்ன செஞ்சார்?" என்று கேட்டேன். "அவ்வளவுதான் மிஸ் சொன்னாங்க" என்றாள்.

அந்த 'அவ்வளவுதான்' மனதை உறுத்தியதால் இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவின் பாஸ்டனில் சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்து விற்றவரின் பதினைந்தாவது பிள்ளை பிராங்க்ளின். பன்னிரண்டு வயதில் அண்ணனின் அச்சகத்தில் ஒப்பந்தம் எழுதி வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். அடி தாங்காமல் 17 வயதில் பிலடெல்பியாவுக்கு ஓடிவிட்டார். போய் இறங்கியதும் மூன்று பெரிய ரொட்டி வாங்கி, இரண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒன்றைக் கடித்தபடியே தெருவில் நடந்ததை அவரே எழுதியிருக்கிறார். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், கட்டாயம் சொல்லுங்கள்.

ஆனால் அதோடு இதையும் சொல்ல வேண்டும். ஓடிவந்த அந்தப் பையன் வளர்ந்து பத்திரிகை நடத்தியபோது, அதில் அடிமைகள் விற்பனை விளம்பரமும், ஓடிப்போன அடிமையைப் பிடித்துத் தந்தால் சன்மானம் என்ற அறிவிப்பும் வந்தன. காசு வாங்கிக்கொண்டுதான் அச்சடித்தார். அடிமைத்தனத்தைக் கண்டித்து குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் எழுதிய நூல்களும் அதே அச்சகத்தில்தான் அச்சாயின. அவர் வீட்டிலேயே அடிமைகள் இருந்தார்கள்.

1757இல் லண்டனுக்குப் போனபோது பீட்டர், கிங் என்ற இரண்டு அடிமைகளையும் அழைத்துப் போனார். கிங், மகன் வில்லியமுக்கு ஏவல் செய்ய வந்தவன். அங்கே போய் ஓராண்டு வாக்கில் அவன் ஓடிவிட்டான். தேடியபோது இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஒரு சீமாட்டியின் வீட்டில் இருப்பது தெரிந்தது. வில்லியம் சம்மதித்ததால் அங்கேயே தங்கிய அவனை, அந்த அம்மாள் பள்ளிக்கு அனுப்பி எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். வயலின் வாசிக்கவும் கற்றுக்கொண்டான். இதை மனைவி டெபோராவுக்கு 1760இல் எழுதிய பிராங்க்ளின், அந்த அம்மாள் அவனைத் திருப்பி அனுப்புவாரா, இல்லை வில்லியமிடம் விலை பேசி வாங்கிக்கொள்வாரா என்றும் அதே கடிதத்தில் யோசிக்கிறார். வயலின் வாசிக்கிறான் என்று எழுதிய பேனா, அடுத்து அவன் விலையைப் பற்றி எழுதுகிறது. இதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, பிலடெல்பியாவில் கறுப்பினப் பிள்ளைகளுக்கான ஒரு பள்ளியைப் பார்க்கப் போனார். வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் போலவே இவர்களும் சட்டென்று புரிந்துகொள்கிறார்கள், நினைவாற்றலும் குறைவில்லை என்று எழுதினார். அதுவரை தான் வைத்திருந்த எண்ணம் மாறியதையும் ஒப்புக்கொண்டார். மனம் மாறினாலும் காரியம் மாற வெகுகாலம் ஆயிற்று. மக்கள்தொகைக் கணக்கில் ஒரு அடிமையை ஐந்தில் மூன்று பங்கு ஆளாக எண்ணிய 1787ஆம் ஆண்டு அமெரிக்க அரசியல் சாசனத்திலும் அவர் கையெழுத்து இருக்கிறது. அதே ஆண்டில்தான் பென்சில்வேனியா அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார்.

1790 பிப்ரவரியில், அடிமைகளுக்கு விடுதலை கேட்டு அவர் கையெழுத்திட்ட மனு அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போனது. அப்போது வயது 84. சிறுநீர்ப்பைக் கல்லால் துடித்துப் படுத்த படுக்கையாக இருந்தார். தென் மாநில உறுப்பினர்கள் கொதித்தார்கள். ஜார்ஜியாவின் ஜேம்ஸ் ஜாக்சன் அடிமைத்தனத்துக்கு வக்காலத்து வாங்கிப் பேசினார். பிராங்க்ளின் விடவில்லை. ஜாக்சனின் வாதங்களையே, கிறிஸ்தவர்களைப் பிடித்து அடிமையாக வைத்திருக்கும் ஒரு அல்ஜீரியத் தலைவரின் வாயில் வைத்துக் கிண்டலாக எழுதி, மார்ச் 23 தேதியிட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினார். அந்தத் தேதியிலிருந்து 25 நாள் கழித்து இறந்துபோனார். விடுதலை விஷயத்தில் தலையிடத் தங்களுக்கு அதிகாரமில்லை என்று நாடாளுமன்றம் கைகழுவிவிட்டது.

இத்தனையும் எழுபதைத் தாண்டிய ஒருவர் தன்னைத் திருத்திக்கொண்ட கதை. பட்டத்தைவிட இதில்தான் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொள்ள அதிகம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். தப்பு செய்தவர் என்று சொன்னால் பிள்ளைகள் மனதில் அவர் மதிப்பு குறைந்துவிடும் என்று பயப்படாதீர்கள். முந்தாநாள் ராத்திரி என் மகளிடம் இதையெல்லாம் சொன்னேன். தூக்கத்தை மறந்து கேட்டாள்.

அடுத்த முறை சாவியையும் மின்னலையும் கரும்பலகையில் வரையும்போது, பக்கத்தில் கிங் என்ற பெயரையும் எழுதுங்கள். அவன் வயலினைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுங்கள்.

அன்புடன்,
ஒரு மாணவியின் தாய்